பிசறலாம், பிசையக் கூடாது: வீட்டில் ஸ்கோன் சுட முழு வழிகாட்டி

மாவு பிசைவதில் நல்ல கை என்று பெயர் வாங்கியவர்களுக்குத்தான், டீயோடு சாப்பிடும் ஸ்கோன் என்ற பண்டம் சரியாக வராது. எனக்கு அப்படித்தான் ஆனது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸிடர் நகரில் இரண்டு வருடம் வாடகைக்குக் குடியிருந்தேன். அங்கே முதல் தடவை ஸ்கோன் சுட்டபோது சப்பாத்திக்குப் பழகிய கையைத்தான் காட்டினேன். மாவு வழவழவென்று பட்டுப் போலத் திரண்டு வந்தது. ஓவனிலிருந்து வந்ததோ, காய்ந்த கொழுக்கட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. வீட்டுக்கார அம்மாள் அதில் ஒன்றைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். "எத்தனை நிமிடம் பிசைந்தாய்?" என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். "அரை நிமிடம்," என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் பறவைகளுக்குப் போட எடுத்துக்கொண்டு போனார்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன. புட்டுக்கு மாவைப் பிசறுகிறோம், சப்பாத்திக்குப் பிசைகிறோம். ஸ்கோன் புட்டு வகையறா. இது கைக்குப் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் அளவும் சூடும்தான்.

பெயரும் நேரமும்

ஸ்கோன் கேக்கும் இல்லை, பன்னும் இல்லை. ஈஸ்ட் போடாமல், பேக்கிங் பவுடரின் பலத்தில் எழும்பும் சின்ன, தடித்த வட்டம். மேலே லேசான மொறுமொறுப்பு, உள்ளே உதிரும் மென்மை. இனிப்பு குறைவுதான். இனிப்பைக் கொண்டுவர ஜாம் இருக்கிறது.

சொந்த ஊர் ஸ்காட்லாந்து. கேவின் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் 1513-இல் முடித்த ஒரு மொழிபெயர்ப்புக் காவியத்தில் இந்தச் சொல் வருகிறது. எழுத்தில் கிடைக்கும் பழைய பதிவாக அகராதிக்காரர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். அந்தக் காலத்து ஸ்கோன் உப்பி எழும்பும் பண்டமே இல்லை. மாவைத் தட்டையாகத் தட்டி இரும்புக் கல்லில் சுட்டது. இன்றைய உயரம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக 1843-இல் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். 1845-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ், எழும்பும் பொடியை மாவிலேயே கலந்து செல்ஃப் ரெய்சிங் மாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் நினைத்த நேரத்தில் அரை மணியில் ஸ்கோன் சுட முடிந்தது.

'ஸ்கோன்' என்று சொல்வதா, 'ஸ்கான்' என்று சொல்வதா என்பது அங்கே ஓயாத சண்டை. ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் 'ஸ்கான்' கட்சி. அதே எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஊர் ஒன்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது, பழைய அரசர்கள் முடிசூடிய இடம். அதை 'ஸ்கூன்' என்பார்கள். நான் தமிழில் வாய்க்கு வந்தபடி ஸ்கோன் என்றே எழுதுகிறேன்.

டீயின் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்கோன், ஜாம், கிளாட்டட் கிரீம் (நம் பாலாடை மாதிரி கெட்டியான கிரீம்), ஒரு பானை டீ, அவ்வளவுதான் என்றால் அது 'கிரீம் டீ'. அதோடு சின்னச் சின்ன சாண்ட்விச்சும் கேக்கும் அடுக்குத் தட்டில் வந்தால் 'ஆஃப்டர்நூன் டீ'. பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் என்பதால் சாயங்காலம் வயிறு காய்ந்துபோய், 1840 வாக்கில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கினார் என்பார்கள். 'ஹை டீ' என்பது வேறு. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர் குடும்பங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இறைச்சியும் ரொட்டியுமாகச் சாப்பிட்ட சாயங்காலச் சாப்பாடு அது. நம் ஊர் நட்சத்திர ஓட்டல்கள் அடுக்குத் தட்டை வைத்துவிட்டு 'ஹை டீ' என்று பில் போடுகின்றன. சீமாட்டிக்குக் காதில் விழாமல் இருக்கட்டும்.

என்னென்ன வேண்டும்

எட்டு ஸ்கோனுக்கு இந்த அளவு:

மைதா 350 கிராம்
பேக்கிங் பவுடர் தலைதட்டி 4 டீஸ்பூன்
உப்பு கால் டீஸ்பூன்
குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம்
பொடித்த சர்க்கரை 40 கிராம்
முட்டை 1, அதோடு பால் சேர்த்து மொத்தம் 180 மில்லி
மேலே தடவக் கொஞ்சம் பால் அல்லது அடித்த முட்டை
விருப்பப்பட்டால் உலர் திராட்சை 75 கிராம்

முட்டை வேண்டாம் என்றால் முழு 180 மில்லியும் பாலாகவே ஊற்றுங்கள். முட்டையில்லாத ஸ்கோன் சமாளிப்பு வேலை இல்லை. இங்கிலாந்தில் பல வீடுகளில் வழக்கமே அதுதான். முட்டை போட்டால் நிறமும் கொஞ்சம் பிடிப்பும் கூடும், அவ்வளவே.

செல்ஃப் ரெய்சிங் மாவு கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் அதையே 350 கிராம் எடுத்து, பேக்கிங் பவுடரை 1 டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளலாம். ஊரில் மைதாதான், பழுதில்லை. கோதுமை மாவிலேயே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். தவிடு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஸ்கோன் குட்டையாகவே நின்றுவிடும்.

பேக்கிங் பவுடர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அலமாரியில் போன வருடத்து டப்பா இருந்தால், கொதிக்கும் தண்ணீர் அரைக் கோப்பையில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். சுர்ரென்று பொங்கினால் உயிர் இருக்கிறது. சோம்பலாக நாலு குமிழி விட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். ஆப்ப சோடாவை அதே அளவில் மாற்றிப் போடவே கூடாது. ஒருமுறை பேக்கிங் பவுடர் தீர்ந்துபோனதால் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஸ்கோன் மஞ்சளாக வந்தது, வாயில் வைத்தால் சோப்பு. காரணம் எளிது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதைத் தணிக்கும் புளிப்புப் பொடியும் கலந்திருக்கிறது. தனிச் சோடாவுக்கு அந்தத் துணை இல்லை; மிஞ்சும் காரம் மைதாவின் நிறத்தையே மாற்றிவிடும்.

வெண்ணெய் உப்பில்லாததாக இருந்தால் நல்லது. வீட்டில் இருப்பது ரொட்டியில் தடவும் உப்பு வெண்ணெய்தான் என்றால் அதையே போட்டு, தனி உப்பை விட்டுவிடுங்கள். நெய், மார்கரின் இரண்டும் வேண்டாம். நெய் இளகி மாவு முழுக்க ஊறிவிடும், அப்புறம் பிசறுவதற்கு ஒன்றும் இருக்காது. சர்க்கரையை மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டிப் போடுங்கள். பருத்த சர்க்கரை கரையாமல் நின்று மேலே பழுப்புப் புள்ளி வைக்கும்.

பாத்திரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அகலமான கிண்ணம், மழுங்கிய மேசைக் கத்தி, 6 செ.மீ. வட்ட அச்சு. அச்சுக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்ப்பது நம் எல்லோருக்கும் வரும் யோசனை. இங்கே அது உதவாது. டம்ளரின் விளிம்பு உருட்டி மடித்தது. மாவை வெட்டாமல் அமுக்கும். அடியும் மூடியிருப்பதால் காற்று போக வழியில்லாமல் மாவு உள்ளே ஒட்டிக்கொள்ளும். அச்சு இல்லையென்றால் கூர்மையான கத்தியால் சதுரமாக வெட்டுங்கள். ஓரத்து மாவும் வீணாகாது, எனக்கு இப்போதெல்லாம் அதுதான் பிடித்திருக்கிறது.

செய்முறை

முதலில் ஓவனைச் சூடு பண்ணுங்கள். 220 டிகிரி செல்சியஸ், விசிறி ஓடும் ஓவன் என்றால் 200. ஓ.டி.ஜி. என்ற சின்ன மேசை ஓவன் ஆனால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு முழுசாக 20 நிமிடம் விடுங்கள். விளக்கு அணைந்துவிட்டதே என்று பத்து நிமிடத்தில் உள்ளே தள்ள வேண்டாம். காற்று சூடாகியிருக்கும், சுவர் சூடாகியிருக்காது. ஸ்கோனுக்கு முதல் நாலைந்து நிமிடத்துச் சூடுதான் உயரம். பேக்கிங் தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடாக்கினால் அடி சீக்கிரம் பிடித்து மேலே தள்ளும்.

ஓவன் சூடாகும் நேரத்தில் வெண்ணெயை ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி ஃப்ரீசரில் 15 நிமிடம் வையுங்கள். மே மாதத்துச் சென்னைச் சமையலறை என்றால் மைதாவையும் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். டெவனில் இதெல்லாம் தேவைப்படவில்லை, அங்கே சமையலறையே பாதி ஃப்ரிட்ஜ்.

அடுத்தது பிசறுவது. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். பவுடர் ஒரு இடத்தில் கட்டியாக நின்றால் அந்த ஒரு வாய் கசக்கும். வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் தேயுங்கள். உள்ளங்கை படக் கூடாது. நம் உடம்பில் விரல் நுனி சில்லென்று இருக்கும், உள்ளங்கைதான் சூடு. கொஞ்சம் மாவோடு வெண்ணெயைக் கிள்ளி எடுத்து, கிண்ணத்துக்கு ஒரு சாண் மேலே தூக்கி, கட்டை விரலால் மற்ற விரல்களின் மேல் நீவியபடியே கீழே உதிர விடுங்கள். விழும்போது காற்றும் சேரும். மூன்று நான்கு நிமிடத்தில் ரவையும் ரொட்டித் தூளும் கலந்த மாதிரி ஆகிவிடும். அங்கங்கே துவரம் பருப்பு அளவில் வெண்ணெய் தெரிந்தால் தப்பில்லை, இருக்கட்டும்.

பதம் பார்க்கப் புட்டுச் சோதனைதான். ஒரு பிடி எடுத்து அமுக்கினால் பிடிபட வேண்டும், கட்டை விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களிபோல நின்றால் வெண்ணெய் இளகிவிட்டது; கிண்ணத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்துவிட்டுத் தொடருங்கள். விரலால் தேய்க்கப் பொறுமை இல்லாதவர்கள், உறைந்த வெண்ணெய்க் கட்டியைக் கேரட் துருவியில் துருவி மாவில் கலந்துவிடலாம். வெயில் காலத்தில் நானே அப்படித்தான் செய்கிறேன்.

இந்தத் தேய்ப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தானாக அடங்கும். மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரும் பிசைதலும் சேர்ந்தால் குளூட்டன் என்ற ஜவ்வாகிறது. பரோட்டாவை வீசினாலும் கிழியாமல் இருப்பது அதனால்தான். ஸ்கோனுக்கு அந்த ஜவ்வு ஆகாது. மாவுத் துகள்களுக்குக் கொழுப்பில் ஒரு சட்டை மாட்டிவிட்டால் தண்ணீர் சுலபத்தில் உள்ளே போகாது, ஜவ்வும் குறையும். எவ்வளவு நன்றாகப் பிசறியிருந்தாலும் பால் ஊற்றிய பிறகு அழுத்திப் பிசைந்தால் சட்டை கிழிந்துவிடும்.

இப்போது சர்க்கரையைக் கலந்து, திராட்சை போடுவதானால் அதையும் போட்டு, நடுவில் குழி பண்ணுங்கள். முட்டையை அடித்துப் பாலோடு சேர்த்ததில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை ஒரே தடவையில் குழியில் ஊற்றுங்கள். மேசைக் கத்தியால் வெட்டுவது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கலக்க வேண்டும். இருபது முப்பது தடவை ஓட்டினால் போதும். அடியில் உலர்ந்த மாவு மிச்சம் இருந்தால் எடுத்து வைத்த பாலைச் சொட்டுச் சொட்டாக அங்கே விடுங்கள். மாவு கொஞ்சம் பிசுபிசுப்பாக, ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மனசு கேட்காது. ஊர் திரும்பிய பிறகு அம்மா வீட்டில் முதல் தடவை செய்தபோது, அம்மா பின்னாலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, மாவு இன்னும் ஒண்ணு சேரவே இல்லையே. குடு, நான் ரெண்டு அமுக்கு அமுக்கித் தர்றேன்."

"வேணாம்மா, கை வைக்காத."

"இப்படியே போட்டா உதிர்ந்து போயிடாது?"

"உதிரட்டும். அதான் வேணும்."

அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார், கண் மட்டும் கிண்ணத்திலேயே இருந்தது. ஓவனிலிருந்து வந்ததை இரண்டாகப் பிட்டு, ஊதிச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு பிஸ்கட்டும் கேக்கும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு," என்றார். ஸ்கோனுக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மேடையில் மாவு தூவி, கிண்ணத்தில் இருப்பதைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். கையிலும் மாவு தடவிக்கொண்டு, மெல்லத் தட்டி, பாதியாக மடியுங்கள். திருப்பி இன்னொரு மடிப்பு. மூன்று மடிப்போடு நிறுத்திவிட வேண்டும். பூரிக் கட்டை தேவையில்லை, உள்ளங்கையால் தட்டினாலே போதும். உயரம் 2.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 3 செ.மீ. ஆனாலும் சரி. கட்டை விரலின் மேல் கணுவை வைத்து அளந்துகொள்ளலாம். முதல் தடவை செய்யும் எல்லோரும் இங்கே மெல்லியதாகத் தட்டிவிட்டு, ஏன் எழும்பவில்லை என்று ஓவனைத் திட்டுவார்கள். தட்டையாகப் போனது தட்டையாகத்தான் வரும்.

அச்சை மாவில் தோய்த்து நேராகக் கீழே அமுக்கி, நேராக மேலே எடுங்கள். திருகக் கூடாது. மாவு கையில் ஒட்டும்போது அச்சைத் திருகி எடுக்கத்தான் கை போகும். திருகினால் ஓரம் இழுபட்டு மூடிக்கொள்ளும்; எழும்பும்போது ஒரு பக்கம் பிடித்திழுக்க, ஸ்கோன் சாய்ந்த கோபுரமாகிவிடும். வெட்டியதைத் தலைகீழாகத் தட்டில் வையுங்கள், வழவழப்பான அடிப்பக்கம் மேலே வரும். ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி போதும், நெருக்கி வைத்தால் பக்கவாட்டில் பரவாமல் மேலே போகும். மிச்ச மாவை ஒன்றாகக் கூட்டித் தட்டி வெட்டுங்கள். அந்தக் கடைசி இரண்டும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். அதைச் சமைத்தவர் நின்றபடியே சாப்பிட்டுவிடுவது வழக்கம்.

மேல் பரப்பில் மட்டும் பாலோ முட்டையோ தடவுங்கள். பக்கத்தில் வழிந்தால் அது பசையாகி எழும்ப விடாது. நடுத்தட்டில் வைத்து 12 முதல் 15 நிமிடம். பத்து நிமிடம் வரை கதவைத் திறக்காதீர்கள். ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் தலை சீக்கிரம் கறுக்கும். அப்படியானால் கடைசி மூன்று நிமிடத்துக்கு மேல் கம்பியை அணைத்துவிடுங்கள். மேலே பொன்னிறம், பக்கமெல்லாம் வெளிர் மஞ்சள், அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஓசை. அப்போது எடுக்கலாம். இடுப்பில் ஒரு வெடிப்பு சுற்றி ஓடியிருக்கும். அது குறையில்லை, அதில்தான் பிட்க வேண்டும். நன்றாக வந்த ஸ்கோனுக்குக் கத்தியே தேவைப்படாது.

மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டுமா, கம்பித் தட்டில் ஆற விடுங்கள். மெத்தென்று வேண்டுமா, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

கிளாட்டட் கிரீம், அதாவது ஆடை

டெவனுக்கும் அதன் பக்கத்துப் பகுதியான கார்ன்வாலுக்கும் கர்வமே இந்த கிரீம்தான். கார்னிஷ் கிளாட்டட் கிரீமுக்கு 1998-இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. அதில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். மேலே தங்க நிறத்தில் ஒரு தோல், கீழே வெண்ணெய்க்கும் கிரீமுக்கும் நடுவான ஒரு பதம். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாயகன்ற சட்டியில் பாலைத் தணலில் வைத்துக் காய்ச்சி, அசைக்காமல் ஆற விட்டு, மேலே படிந்ததை வழித்தெடுப்பது. நம் வீட்டில் எருமைப் பாலில் ஆடை எடுப்பதும் இதேதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து சர்க்கரை தூவித் திருடித் தின்றோமே, அந்த ஆடையின் ஒன்றுவிட்ட தங்கை.

இங்கிலாந்து போன்ற நாட்டில் இருப்பவர்கள் 600 மில்லி டபுள் கிரீமை, அதாவது கொழுப்பு மிகுந்த கெட்டி கிரீமை, அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, மூடாமல் 80 டிகிரி ஓவனில் 12 மணி நேரம் வைத்து, ஆற விட்டு, ஃப்ரிட்ஜில் எட்டு மணி நேரம் வைத்தால் போதும். மேல் தோலோடு எடுத்துக்கொண்டு, அடியில் நிற்கும் பாலை அடுத்த ஸ்கோன் மாவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஊரில் டப்பாவில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு. அதை வைத்து முயற்சி செய்து இரண்டு தடவை ஏமாந்துவிட்டேன். அதற்கு எருமைப் பாலே மேல். இரண்டு லிட்டர் பாலை அகலமான அடிகனமான பாத்திரத்தில் ஒரு கொதி வர விட்டு, தீயை மிகவும் தணித்து, கிளறாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். அடுப்பை அணைத்து, தானாக ஆறியபின் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் ஆடையைச் சுருட்டி எடுங்கள். ஒரு சின்னக் கிண்ணம் வரும். கரண்டியால் லேசாக மசித்தால் தடவும் பதம். டப்பாவிலிருந்து பீய்ச்சும் கிரீம் மட்டும் வேண்டாம், சூட்டில் நுரையாகி ஓடிவிடும்.

ஜாம் என்றால் ஸ்ட்ராபெரி, அல்லது ராஸ்பெரி. ஊட்டிப் பக்கம் ஸ்ட்ராபெரி வரும் காலத்தில் 500 கிராம் பழம், 350 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு போட்டுக் கிளறினால் வீட்டு ஜாம் ஆகிவிடும். சில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும், அதுதான் பதம்.

எதை முதலில் தடவுவது? டெவனில் கிரீம் முதலில், அதன் மேல் ஜாம். கார்ன்வாலில் ஜாம் முதலில், மேலே கிரீம். விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் கார்ன்வாலில் இருக்கும் லான்ஹைட்ராக் என்ற பழைய மாளிகையின் அன்னையர் தின விளம்பரத்தில் கிரீமின் மேல் ஜாம் இருக்கும் படம் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் கொதித்துப்போய், மாளிகைத் தரப்பு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நான் எக்ஸிடரில் உப்பைத் தின்றவள், கிரீம் முதலில் என்பேன். நம் ஆடை கொஞ்சம் வழுக்கும், அதனால் வெண்ணெய் மாதிரி அடியில் தடவுவதுதான் வசதியும் கூட. எந்தக் கட்சியானாலும் ஸ்கோன் வெதுவெதுப்பாக இருக்கட்டும், சுடச்சுட வேண்டாம்.

டீ

சீமாட்டி குடித்தது பெரும்பாலும் சீனத் தேயிலையாக இருந்திருக்கும். அசாம் தேயிலை லண்டன் ஏலத்துக்கு வந்ததே 1839-இல்தான். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867-இல். அடுத்த சில வருடங்களில் இலைத் துரு நோய் காப்பித் தோட்டங்களை அழிக்க, மலையகம் முழுக்கத் தேயிலையானது. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப் போகப்பட்ட நம் மக்கள். எக்ஸிடர் கடை அலமாரியில் 'நுவரெலியா' என்று எழுதிய டப்பாவைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருக்கும் யாருக்கும் இது தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

ஸ்கோனுக்கு நம் வீட்டு டீ, அதாவது பாலும் தூளும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்தது, அவ்வளவாகப் பொருந்தாது. ஜாமின் இனிப்புக்கு எதிரே கொஞ்சம் துவர்ப்பு வேண்டும். பானையில் வெந்நீர் ஊற்றிக் கழுவிச் சூடாக்குங்கள். ஆளுக்கு ஒரு டீஸ்பூன் இலை, பானைக்கென்று ஒன்று கூடுதல். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி நாலு நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். இலங்கையின் திம்புலைத் தேயிலையோ நம் நீலகிரியோ நல்லது. பால் கொஞ்சமாக, சர்க்கரை இல்லாமல்.

ஏன் சரியாக வரவில்லை

எழும்பவே இல்லையென்றால் முதலில் பேக்கிங் பவுடரைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் தட்டிய உயரத்தை, கடைசியில் ஓவன் சூட்டை. கலந்து வைத்துவிட்டு யாரோடாவது போனில் பேசப் போயிருந்தால் அதுவும் காரணம்தான். ஈரம் பட்டதுமே பவுடர் வேலையைத் தொடங்கிவிடும். வடை மாதிரி பரந்துவிட்டால் வெண்ணெய் இளகியிருக்கிறது அல்லது பால் கூடிவிட்டது. ரப்பர் மாதிரி இழுத்தால், பிசைந்திருக்கிறீர்கள். வெளியே சிவந்து உள்ளே பச்சை மாவாக இருந்தால் அடுத்த முறை 200 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வையுங்கள். காய்ந்து தூளாக உதிர்ந்தால் மாவில் ஈரம் போதவில்லை. கையில் ஒட்டுகிறதே என்று பயந்து மாவைக் கூட்டியிருப்பீர்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு தோசைக்கல்

ஸ்காட்லாந்துக்காரர்கள் ஸ்கோன் சுட்டது 'கர்டில்' என்ற தட்டையான இரும்புக் கல்லில். நம் தோசைக்கல்லேதான். 225 கிராம் மைதா, 2.5 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 40 கிராம் வெண்ணெய், 25 கிராம் சர்க்கரை. மேலே சொன்ன மாதிரியே பிசறி, 140 மில்லி பாலில் கலந்து, ஒன்றே கால் செ.மீ. கனத்தில் ஒரு பெரிய வட்டமாகத் தட்டி, பீட்சா மாதிரி குறுக்கே இரண்டு வெட்டு வெட்டி நாலாக்குங்கள். கனமான கல்லை மிதமான சூட்டில் வைத்து, எண்ணெய் விடாமல் கொஞ்சம் மாவு தூவுங்கள். தூவிய மாவு உடனே கருகினால் சூடு அதிகம், மெல்லப் பழுப்பானால் சரி. மாவைத் துடைத்துவிட்டு, துண்டுகளைப் போட்டு, ஒரு பக்கம் ஆறேழு நிமிடம், மறுபக்கமும் அதே. மூடி போடாதீர்கள், வேர்த்துவிடும். கடைசியில் ஓரங்களைக் கல்லில் நிறுத்தி உருட்டி வேக வையுங்கள். ஓவன் ஸ்கோன் மாதிரி உயரமாக வராது. சுடச்சுடப் பிட்டு வெண்ணெய் வைத்துச் சாப்பிட்டால் யாரும் உயரத்தைக் கேட்கப் போவதில்லை.

'டிராப் ஸ்கோன்' என்று ஒன்று உண்டு, அது மாவைக் கரைத்துக் கல்லில் கரண்டியால் ஊற்றுவது. எலிசபெத் மகாராணி அதன் குறிப்பை 1960-இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்குக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். பெயர்தான் ஸ்கோன், ஆள் குட்டி ஊத்தப்பம்.

மிச்சம் வைத்தால்

ஸ்கோன் அன்றைக்கே சாப்பிட வேண்டிய பண்டம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆள் வருகிறது என்றால், காலையிலேயே பிசறி வெட்டி, தட்டோடு ஃப்ரீசரில் உறைய வைத்துவிடுங்கள். மூன்றரைக்கு நேராக ஓவனில், 200 டிகிரியில், 20 நிமிடம் வரை. கரைய விடத் தேவையில்லை. பையில் போட்டு மூடினால் ஒரு மாதம்வரை இப்படி வைத்துக்கொள்ளலாம். சுட்டது மிஞ்சிவிட்டால் மறுநாள் காலையில் இரண்டாகப் பிட்டு, வெட்டு முகத்தைத் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு முறுவலாகச் சுடுங்கள். அம்மா அதற்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி கேட்டார். கொடுத்தேன். டெவனுக்குத் தெரிய வேண்டாம்.